தேய்த்தால் வருகிறது, நிற்கத்தான் மாட்டேன் என்கிறது

அக்கா மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு நிலைமின்காட்டி (ஒரு பொருளில் மின்னூட்டம் இருக்கிறதா என்று காட்டும் கருவி) செய்கிறேன் என்று பெயர் கொடுத்துவிட்டு, கையில் ஒரு கண்ணாடிப் பாட்டிலும் செம்புக் கம்பியுமாக என் முன்னால் வந்து நின்றாள்.

"சித்தி, வீடியோவுல பத்து நிமிஷத்துல செஞ்சு காட்டிட்டாங்க. எனக்கு ரெண்டு நாளா இலை அசையவே மாட்டேங்குது."

நான் எலக்ட்ரானிக் பலகைகளைப் பழுது பார்க்கிறவள். என் மேசையில் நிலை மின்சாரம் ஒரு வேண்டாத விருந்தாளி. சில சிப்புகளுக்கு 100 வோல்ட்டே எமன். நம் உடம்பில் ஏறியிருக்கும் மின்னூட்டம் விரலில் சுரீர் என்று தெரிய 3,000 வோல்ட் அளவாவது வேண்டும். அதனால் நமக்குத் தெரியாமலேயே சிப்பைக் கொன்றுவிட முடியும். மணிக்கட்டில் எர்த் பட்டை மாட்டி அதை விரட்டிக்கொண்டே இருப்பதுதான் என் பழக்கம். பிடித்து வைக்கச் சொன்னால் நானும் அவளைப் போலக் கற்றுக்குட்டிதான். ஒன்பது நாள் ஆனது. அந்தக் குறிப்புகளைத் தொகுத்து எழுதுகிறேன். நல்லபடியாக நடந்தவை கொஞ்சம், சொதப்பியவை நிறைய.

அவள் கொண்டுவந்த கருவி இதுதான். அகலமான வாயுள்ள கண்ணாடிப் பாட்டில். அதற்குத் தக்கை மூடி. மூடியின் நடுவில் குத்தி இறக்கிய தடித்த செம்புக் கம்பி. கம்பியின் மேல் முனையில் அலுமினியத் தாளைக் கசக்கிச் செய்த உருண்டை. கீழ் முனையைக் கொக்கியாக வளைத்து, அதில் 4 செ.மீ. நீளத்தில் இரண்டு அலுமினியத் தாள் கீற்றுகள். இவைதான் 'இலை'. மின்னூட்டம் ஏறினால் இரண்டு கீற்றுகளுக்கும் ஒரே வகை மின்னூட்டம் கிடைக்கும், ஒன்றையொன்று தள்ளும், விரியும். இங்கிலாந்துப் பாதிரியார் ஏபிரகாம் பென்னட் 1787இல் தங்க இலை வைத்துச் செய்ததும் இதே ஏற்பாடுதான்.

கீற்றுகளை ஒட்டுநாடா போட்டுக் கம்பியில் ஒட்டியிருந்தாள். அது விறைத்துக்கொண்டு நின்றது. முதல் வேலையாக அதைப் பிய்த்துவிட்டு, ஒவ்வொரு கீற்றின் தலையிலும் ஊசியால் துளையிட்டுக் கொக்கியில் தனித்தனியாகத் தொங்கவிட்டோம். ஊதினால் ஆட வேண்டும், அவ்வளவு தளர்வாக. இப்போது தேய்த்த பிவிசி குழாயை அருகே கொண்டுபோனால் இலை விரிந்தது. குழாயை எடுத்தால் விழுந்துவிட்டது. குழாயை உருண்டையில் தொட்டு எடுத்தாலும் விழுந்துவிட்டது.

"மின்னூட்டமே வரலையோ?" என்றாள். எனக்கும் அந்தச் சந்தேகம்தான். குழாயைக் குறை சொல்வதற்கு முன் அதைச் சோதித்துவிடுவது நல்லது என்று ஒட்டுநாடாவை எடுத்தேன்.

இந்தச் சோதனைக்கு ஒளி ஊடுருவும் சாதாரண ஒட்டுநாடா போதும். மேசை மேல் ஒரு நாடாவை அடித்தளமாக ஒட்டிவிட்டு, அதன்மேல் விரல் நீளத்தில் இரண்டு துண்டுகளைப் பக்கம் பக்கமாக ஒட்டி, சரக்கென்று உரித்துத் தொங்கவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். அடுத்து, ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டிய இரண்டு துண்டுகளை மெதுவாகச் சேர்த்தே எடுத்து, பசையில்லாத முதுகை விரலால் ஒருமுறை நீவிவிட்டு, பிறகு பிரித்தால் இரண்டும் ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும். முதல் ஜோடிக்கு ஒரே கதி, அதனால் ஒரே வகை மின்னூட்டம். இரண்டாம் ஜோடியில் ஒன்று இழந்ததை இன்னொன்று பெற்றுக்கொண்டது, அதனால் எதிரெதிர். இரண்டு வகை மின்னூட்டம் உண்டு என்று பிரான்சில் டு ஃபே 1733இல் கண்டதை மேசை மேலேயே பார்த்துவிடலாம்.

இங்கே தேய்த்தல் என்ற பேச்சே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டு பொருள்கள் நெருங்கி ஒட்டின, பிரிந்தன, எலக்ட்ரான் பங்கீட்டில் கொஞ்சம் ஏறுமாறாகிவிட்டது. தேய்ப்பது என்பது இதையே ஆயிரம் இடங்களில் திரும்பத் திரும்பச் செய்வதுதான். மின்னூட்டத்தை நாம் உண்டாக்குவதில்லை. அது எல்லாப் பொருளிலும் அடைந்துதான் கிடக்கிறது. புரோட்டானும் எலக்ட்ரானும் சரிக்குச் சரியாக இருப்பதால் வெளியே தெரிவதில்லை. கணக்கில் லேசாகப் பிசகு நேர்ந்தால் அதற்குத்தான் மின்னூட்டம் என்று பெயர்.

எவ்வளவு லேசாக என்று அவள் கேட்டதால் ஒரு கணக்குப் போட்டோம். எங்கள் கீற்றின் எடை சுமார் 10 மில்லிகிராம். இரண்டு கீற்றுகளின் நுனிகளுக்கும் நடுவே 2 செ.மீ. இடைவெளி விழ வேண்டுமானால், கூலூமின் விதிப்படி ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ ஒரு நானோகூலூம் (மின்னூட்டத்தின் அலகான கூலூமில் நூறு கோடியில் ஒரு பங்கு) இருந்தால் போதும். அது 624 கோடி எலக்ட்ரான். கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் அந்தச் சின்னக் கீற்றில் உள்ள எல்லா எலக்ட்ரானோடும் ஒப்பிட்டால், ஏறக்குறைய 45 ஆயிரம் கோடியில் ஒன்றுதான் கூடுகிறது அல்லது குறைகிறது. அவ்வளவுக்கே இலை துள்ளுகிறது. அவள் நோட்டில் இந்த எண்ணைக் கட்டம் கட்டி வைத்துக்கொண்டாள்.

ஆக, குழாயில் மின்னூட்டம் இருக்கிறது. தேய்த்த குழாய் நாடாத் துண்டுகளில் ஒன்றைத் தள்ளியது, மற்றொன்றை இழுத்தது. சந்தேகமே இல்லை. நிலைமின்காட்டிதான் எங்கேயோ ஒழுகுகிறது.

மூன்றாம் நாள் முழுவதும் தக்கையோடு போயிற்று. கம்பிக்கும் பாட்டிலுக்கும் நடுவே அந்தத் தக்கை மட்டும்தான். மல்ட்டிமீட்டரை எடுத்துத் தக்கையின் இரு பக்கமும் ஊசியைக் குத்திப் பார்த்தேன். எல்லையில்லாத் தடை என்று காட்டியது. "தக்கை காப்பான்தான், மின்சாரத்தைக் கடத்தாது, அதுல தப்பில்ல" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டேன். அந்தத் தீர்ப்பை நம்பிக் கம்பியை மாற்றினோம், இலையை மாற்றினோம், குழாயை மாற்றினோம். ஒரு பயனும் இல்லை.

அன்று இரவு வேலை முடித்து மணிக்கட்டுப் பட்டையைக் கழற்றும்போதுதான் மண்டையில் உறைத்தது. அந்தப் பட்டையின் கம்பிக்குள் 10 லட்சம் ஓம் தடை ஒன்று வைத்திருப்பார்கள். தவறுதலாகக் கரண்ட்டில் கை பட்டால் உயிர் தப்புவதற்காக. அவ்வளவு தடைக்குள் புகுந்துதான் என் உடம்பின் மின்னூட்டம் முழுவதும் கண்மூடித் திறப்பதற்குள் தரையில் இறங்குகிறது. அப்படியானால் நிலை மின்சாரத்துக்கு 10 லட்சம் ஓம் என்பது திறந்து கிடக்கிற கதவு. வருஷக்கணக்காகக் கையில் கட்டிக்கொண்டு திரிந்தும் இது எனக்கு உறைக்கவில்லை.

கணக்கு எளிது. எங்கள் உருண்டை, கம்பி, இலை எல்லாம் சேர்ந்து பிடித்து வைக்கக்கூடிய கொள்ளளவு சுமார் 5 பிக்கோஃபாரட். இவ்வளவு சின்னக் குடத்தில் உள்ளது ஒரு நிமிடமாவது வடியாமல் இருக்க வேண்டுமென்றால், அடைப்பின் தடை 10 லட்சம் கோடி ஓமுக்கு மேல் இருக்க வேண்டும். என் மல்ட்டிமீட்டரோ 4 கோடி ஓமைத் தாண்டினாலே 'எல்லையில்லை' என்று கைவிரித்துவிடும். அதற்கும் தேவைக்கும் நடுவே இரண்டரை லட்சம் மடங்கு வித்தியாசம். தக்கை, மரம், காகிதம், அட்டை, பருத்தி நூல் எல்லாம் அந்த இடைவெளிக்குள் அடங்கிவிடுகிறவை. மல்ட்டிமீட்டருக்குக் காப்பான், நிலைமின்காட்டிக்குக் கடத்தி. காலையில் இதைச் சொன்னதும் அவள், "அப்ப வீடியோவுல தக்கைதானே வெச்சாங்க?" என்றாள். அவர்கள் படம் எடுத்த நாள் வறண்ட நாளாக இருந்திருக்கும்.

எங்களுக்கு அந்த வாரம் வறண்ட வாரமாக அமையவில்லை. ஈரப்பதமானி 78 சதவீதம் காட்டியது. "காத்துல ஈரம் இருந்தா காத்து வழியா மின்னூட்டம் போயிடும்னு புத்தகத்துல இருக்கு சித்தி" என்றாள். நானும் அப்படித்தான் படித்தேன். ஆனால் மனசு ஒப்பவில்லை. காற்று வழியாகப் போகிறதென்றால் அடைப்பை மாற்றி என்ன பயன்? இதை ஒரு கை பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது.

தக்கையில் பெரிய ஓட்டை போட்டு, பழைய சொட்டுமருந்துக் குழலின் கண்ணாடித் தண்டை அதில் செருகி, அதற்குள் கம்பியை இறக்கினோம். பாட்டிலுக்குப் பின்னால் கோணமானியை ஒட்டி வைத்து, விரிந்த இலை பாதிக் கோணத்துக்கு இறங்க எத்தனை நொடி ஆகிறது என்று அவள் எண்ணினாள். 6 நொடி. தக்கையில் எண்ணவே முடியாமல் இருந்ததற்கு இது முன்னேற்றம்தான். அடுத்து, முடி உலர்த்தும் கருவியால் அந்தக் கண்ணாடித் தண்டை மட்டும் சூடு காட்டி, கை பொறுக்கும் அளவுக்கு ஆறவிட்டு மறுபடி ஏற்றினோம். 6 நொடி, ஏறக்குறைய ஒன்றரை நிமிடமாக நீண்டது. அறையில் அதே காற்று, அதே 78 சதவீதம். இருபது நிமிடம் கழித்துப் பார்த்தால் மறுபடியும் 8 நொடி.

காற்று மாறவில்லை, தண்டின் மேற்பரப்புதான் மாறியது. ஈரக் காற்று அப்படியொன்றும் பெரிய கடத்தி இல்லை. அதிலுள்ள நீராவி கண்ணாடி மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நீர்ப்படலமாகப் படிகிறது, அங்கே ஏற்கெனவே இருக்கும் விரல் வேர்வையின் உப்பு அதில் கரைகிறது, அந்த உப்புத் தண்ணீர்ப் பாதையில்தான் மின்னூட்டம் நடந்து போகிறது. கண்ணாடிக்குத் தண்ணீர் என்றால் கொள்ளை ஆசை, அதுதான் அதன் கோளாறு. கண்ணாடி மேல் துளி பரவும். மெழுகு மேல் துளி உருண்டு ஓடும்.

மெழுகு! வெறும் பாரஃபின் மெழுகுவர்த்தி. ஒரு தகர டப்பாவில் போட்டு, அந்த டப்பாவைச் சுடுநீரில் வைத்து உருக்கினோம். நேரடியாக அடுப்பில் வைக்கவே கூடாது, சட்டென்று தீப்பிடிக்கும். தக்கையில் கட்டை விரல் நுழையும் அளவு துளை போட்டு, கீழே காகிதம் ஒட்டி அடைத்து, கம்பியை நடுவில் நிறுத்தி மெழுகை ஊற்றினோம். ஆறியதும் காகிதத்தை உரித்தால் கம்பியைச் சுற்றிலும் 1 செ.மீ. அகலத்துக்கு வெள்ளை மெழுகு வளையம்.

பிவிசி குழாயை உருண்டையில் சும்மா தொட்டு எடுத்தால் போதாது என்பதையும் அதற்குள் கண்டுகொண்டிருந்தோம். குழாய் காப்பான் ஆயிற்றே, தொட்ட புள்ளியில் இருக்கும் மின்னூட்டம் மட்டும்தான் இறங்கும். மற்ற இடத்தில் இருப்பது இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கும். அதனால் குழாயை உருட்டிக்கொண்டே உருண்டையின் மேல் நீளவாக்கில் இழுக்க வேண்டும்.

இழுத்தாள். இலை விரிந்தது. குழாயை எடுத்தாள். இலை நின்றது. எண்ண ஆரம்பித்தவள் நூறைத் தாண்டியதும் எண்ணுவதை நிறுத்திவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டாள். பாதிக் கோணத்துக்கு இறங்க 47 நிமிடம்.

அதற்குப் பிறகு வந்த கோளாறுகள் எல்லாம் சில்லறை. ஆனாலும் ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்தைத் தின்றது. கசக்கிய தாள் உருண்டையில் துருத்திக்கொண்டிருந்த கூர் முனைகளைக் கரண்டியின் முதுகால் தேய்த்து வழவழப்பாக்கினோம். கூர்முனையில் மின்புலம் குவியும், அங்கிருந்து மின்னூட்டம் காற்றிலேயே ஒழுகும். ஈரமில்லாத காற்றிலும்தான். உருண்டைக்கு அருகே மெழுகுவர்த்திச் சுடரைக் காட்டினால் இலை பொத்தென்று விழும், சுடரிலிருந்து வரும் அயனிகள் அப்படி. இன்னொன்று, பாட்டிலை உலர்ந்த துணியால் துடைத்துப் பளபளப்பாக்கிய மறு நிமிடம் இலை போய்க் கண்ணாடிச் சுவரில் ஒட்டிக்கொண்டது. துடைத்ததில் பாட்டிலுக்கே மின்னூட்டம் ஏறிவிட்டது. பாட்டிலின் உட்புறம் எதிரெதிராக இரண்டு அலுமினியப் பட்டைகளை ஒட்டி, அவற்றை ஒரு மெல்லிய கம்பியால் வெளியே கொண்டுவந்து தரையோடு இணைத்தோம். பென்னட்டும் தன் கண்ணாடிக்குள் தகரத் தாள் பட்டைகளை ஒட்டியிருந்தார். ஏன் என்பது இப்போதுதான் புரிந்தது.

மெழுகில் அவளுடைய கட்டைவிரல் ரேகை பதிந்த அன்று 47 நிமிடம் 3 நிமிடமாகச் சுருங்கியது. துடைத்துப் பார்த்தோம், சரிவரவில்லை. பிளேடால் மெழுகின் மேல்தோலை லேசாகச் சுரண்டி எடுத்தேன். உள்ளிருந்து புது மெழுகு வெளியே வந்தது. ஆனால் வேடிக்கை, யாரும் எதுவும் ஏற்றாமலே இலை விரிந்து நின்றது! பிளேடு உரசியதில் மெழுகே மின்னூட்டம் பெற்றுவிட்டது. விரலால் உருண்டையைத் தொட்டால் இலை விழுகிறது, அடுத்த சுரண்டலுக்கு மறுபடி எழுகிறது. தீக்குச்சியைக் கொளுத்தி மெழுகுக்கு மேலே ஒரு விரல் உயரத்தில் ஒருமுறை வீசியதும்தான் அடங்கியது. சுடர் இங்கே உதவிக்கு வந்தது.

கருவி ஒழுகாமல் நின்றதும் அடுத்தது தூண்டல், அதாவது தொடாமலே மின்னூட்டம் ஏற்றுவது. இதில் எல்லோரும் இடறும் இடம் ஒன்று இருக்கிறது. கம்பளியில் தேய்த்த பிவிசி எதிர் (நெகட்டிவ்) மின்னூட்டம் உடையது. அதை உருண்டைக்கு அருகே, தொடாமல் பிடித்தால், உருண்டையிலுள்ள எலக்ட்ரான்கள் மிரண்டு கீழே இலைகளுக்கு ஓடும். இலை விரியும். குழாயை அப்படியே வைத்துக்கொண்டு உருண்டையை விரலால் தொட்டால், ஓடிப்போன எலக்ட்ரான்களுக்கு இன்னும் தூரம் ஓட வழி கிடைக்கிறது, நம் உடம்பு வழியாகத் தரைக்கு. இலை விழும். இப்போது முதலில் எதை எடுப்பது, குழாயையா விரலையா?

அவள் குழாயை எடுத்தாள். விரல் அங்கேயே இருந்ததால் போனவை எல்லாம் வந்த வழியே திரும்பி வந்துவிட்டன. இலை தேமே என்று தொங்கியது. மூன்று முறை அப்படியே. நான் வாயைத் திறக்கவில்லை. நான்காவது முறை, "ஓ, கதவைச் சாத்திட்டுத்தான் துரத்துறத நிறுத்தணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு விரலை முதலில் எடுத்தாள், பிறகு குழாயை. இலை விரிந்தது. இந்த முறை நிலைமின்காட்டியில் இருப்பது நேர் மின்னூட்டம், குழாயிலுள்ளதற்கு நேரெதிர். குழாய் ஒரு துளியும் இழக்கவில்லை.

அது நேர் என்று எப்படி உறுதி செய்வது? தேய்த்த பிவிசியை மெதுவாக அருகே கொண்டுவந்தால் இலை சுருங்கும். ஆனால் சுருங்குவதை மட்டும் நம்பக்கூடாது. மின்னூட்டமே இல்லாத கையைக் கொண்டுவந்தாலும் கொஞ்சம் சுருங்கும். பட்டுத் துணியில் தேய்த்த கண்ணாடிக் கோலைக் கொண்டுவரும்போது இலை இன்னும் விரிந்தால், அதுதான் அசைக்க முடியாத சாட்சி. இன்னொரு பொறி, பிவிசியை ரொம்ப நெருக்கினால் சுருங்கிய இலை மறுபடி விரியத் தொடங்கும். அதைப் பார்த்துவிட்டு 'எதிர்' என்று எழுதியிருந்தாள், அடித்துவிட்டுத் திருத்தினாள்.

நேர், எதிர் என்ற பெயரில் ஒரு வருத்தம் எனக்கு எப்போதும் உண்டு. 1747இல் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தேய்த்த கண்ணாடியில் கூடுதலாக ஏதோ சேர்ந்திருக்கிறது என்று எண்ணி அதை நேர் என்றார். எலக்ட்ரானை ஜே.ஜே. தாம்சன் 1897இல் அடையாளம் கண்டபோது, உண்மையில் கண்ணாடிதான் இழந்தது என்று ஆகிவிட்டது. 150 வருஷம் பழகிப்போன குறியை யார் மாற்றுவது? 'எலக்ட்ரான் கூடினால் கழித்தல் குறி' என்று ஒவ்வொரு தலைமுறைப் பிள்ளைகளும் குழம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

ஏழாம் நாள் நான் கொஞ்சம் ஆசைப்பட்டுவிட்டேன். தீப்பொறி பார்க்க வேண்டும். அதற்கு 1762இல் ஸ்வீடனில் வில்கே கண்டு, 1775இல் வோல்ட்டா பிரபலப்படுத்திய மின்தட்டு என்ற ஓர் எளிய ஏற்பாடு இருக்கிறது. ஒரு தெர்மாக்கோல் பலகை, அதைவிடச் சிறிய, ஓரம் மழுங்கிய உலோகத் தட்டு, தட்டின் நடுவில் சூடான பசையால் ஒட்டிய பிளாஸ்டிக் கைப்பிடி. பலகையைக் கம்பளியால் நன்றாகத் தேய். தட்டை அதன்மேல் வை. தட்டை விரலால் தொடு. விரலை எடு. கைப்பிடியைப் பிடித்துத் தட்டைத் தூக்கு. இப்போது விரல் முட்டியைத் தட்டருகே கொண்டுபோனால் 'டிக்' என்று அரை சென்டிமீட்டருக்கு நீலப் பொறி தாவும். உலர்ந்த காற்றைக் கிழிக்க ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் சுமார் 3,000 வோல்ட் வேண்டும். ஆக, அந்தத் தட்டில் 10,000 வோல்ட்டைத் தாண்டித்தான் இருக்கும். சுருக்கென்றது, அவ்வளவே. வோல்ட் அதிகம், மின்னூட்டம் ஒரு கூலூமில் கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு.

தூக்கினால் பொறி, வைத்துத் தொட்டுத் தூக்கினால் மறுபடி பொறி. ஒருமுறை தேய்த்ததற்கு முப்பது பொறி எடுத்தோம். "இது இலவசமா சித்தி?" என்றாள். இலவசமில்லை. பலகையின் எதிர் மின்னூட்டமும் தட்டின் நேர் மின்னூட்டமும் ஒன்றையொன்று இழுக்கின்றன. அந்த இழுப்பை மீறித் தட்டைத் தூக்குகிற கைதான் ஒவ்வொரு பொறிக்கும் கூலி கொடுக்கிறது. பலகையின் மின்னூட்டம் அப்படியே இருக்கிறது.

இந்த ஒன்பது நாளில் எனக்கு ஆகப் பிடித்த காட்சி அடுத்து வந்ததுதான். பழைய சுவிட்சுப் பெட்டியின் காட்டி விளக்கிலிருந்து ஒரு சின்ன நியான் பல்பைப் பிரித்தெடுத்தேன். அரிசிமணியைவிடக் கொஞ்சம் பெரிய கண்ணாடிக் குப்பி, உள்ளே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குட்டிக் கம்பிகள். நியானில் எந்தக் கம்பி எதிர்முனையோ அதைச் சுற்றி மட்டும்தான் ஆரஞ்சு ஒளி வரும். எனவே எலக்ட்ரான் எந்தப் பக்கமிருந்து புறப்படுகிறது என்று அது காட்டிக்கொடுத்துவிடும்.

அறையை இருட்டாக்கினோம். பல்பின் ஒரு காலை அவள் விரலில் பிடித்துக்கொண்டாள், மறு காலால் தட்டைத் தொட வேண்டும். தட்டு பலகை மேல் இருக்கும்போதே தொட்டாள். கண்ணிமைக்கும் நேரம் ஓர் ஒளி, தட்டுப் பக்கக் கம்பியில். பலகை துரத்திய எலக்ட்ரான்கள் தட்டிலிருந்து அவள் கைக்கு ஓடுகின்றன. பிறகு நான் தட்டைத் தூக்கினேன். மறுபடி தொட்டாள். இந்த முறை ஒளி அவள் விரல் பக்கக் கம்பியில். எலக்ட்ரான் குறைந்துபோன தட்டு, அவள் கையிலிருந்து திரும்ப வாங்கிக்கொள்கிறது. போ, வா, போ, வா. தட்டில், விரலில், தட்டில், விரலில். இருட்டில் அவள் முகம் தெரியவில்லை. "கடன் வாங்கித் திருப்பிக் குடுக்குது" என்ற குரல் மட்டும் கேட்டது. மின்னூட்ட அழிவின்மை என்று நான் சொல்லித் தந்திருந்தால் இவ்வளவு பொருத்தமாக வந்திருக்காது.

அந்த உற்சாகத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவின் உள்ளும் புறமும் அலுமினியத் தாள் ஒட்டி, மின்னூட்டத்தைச் சேமித்து வைக்கும் லேடன் சாடியும் செய்தேன். தட்டிலிருந்து இருபது பொறிகளை அதில் சேமித்துவிட்டு, இடது கையால் டப்பாவைப் பிடித்தபடியே வலது விரலால் உள்கம்பியைத் தொட்டுத் தொலைத்தேன். முழங்கை வரை உதறியது. 1746இல் லேடன் நகரில் முஸ்ஹென்புரூக் பட்டதும் இதே வகை அடிதான். அவருக்கு விழுந்தது பல மடங்கு. சாடியைப் பெரிதாக்கும் எண்ணத்தை அங்கேயே விட்டேன். மாணவர்கள் இதை விட்டுவிடலாம், மின்தட்டே போதும். இதயத் துடிப்புக் கருவி பொருத்தியவர்கள் பொறி வரும் எந்தச் சோதனைக்கும் பக்கத்தில் வரக்கூடாது. பெட்ரோல், ஸ்பிரிட் போன்றவற்றின் ஆவி பற்றிக்கொள்ள ஒரு மில்லிஜூலில் கால் பங்கு போதும், தட்டின் பொறியில் அவ்வளவு இருக்கிறது.

கைப்பேசிகளை முன்கூட்டியே அடுத்த அறைக்கு அனுப்பியிருந்தோம். ஈரப்பதமானியை மறந்துவிட்டேன். தட்டைத் திருப்பும்போது ஈரப்பதமானியின் உலோக விளிம்பில் ஒரு பொறி பாய்ந்தது. திரை வெளுத்தது, வெளுத்ததுதான். மின்கலத்தைக் கழற்றி மாட்டியும் உயிர் வரவில்லை. சிப்புகளை நிலை மின்சாரத்திலிருந்து காப்பாற்றுவது என் தொழில் என்று மேலே எழுதியிருக்கிறேன்.

கண்காட்சி அன்று காலை நிலைமின்காட்டியைப் பழைய துணியில் சுற்றிக் கொடுத்து அனுப்பினேன். கூடவே கம்பளித் துண்டு, பிவிசி குழாய், ஒட்டுநாடா. பிளேடு வேண்டும் என்று கேட்டதற்கு, ஆசிரியர் கையில் இருக்கும்படி பார்த்துக்கொள் என்றேன். வெளியே தூறிக்கொண்டிருந்தது.

மாலையில் போன் செய்தாள்.

"எல்லாரும் மூடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாங்க சித்தி. பதினோரு மணிக்கெல்லாம் இலை நிக்கல."

"அப்புறம்?"

"சார்கிட்ட பிளேடு வாங்கிச் சுரண்டினேன். தானா விரிஞ்சிடுச்சு, அன்னைக்கு மாதிரியே. தீக்குச்சி கொளுத்தக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க."

"என்ன பண்ணின?"

"மெழுகு மேல வாயை வெச்சு 'ஹா'ன்னு ஆவி விட்டேன். ஈரம் பட்டதும் இலை விழுந்துடுச்சு. ஒரு நிமிஷம் காய விட்டுட்டு மறுபடி ஏத்தினேன். கடைசி வரைக்கும் நின்னுச்சு."